பால் காய்ச்சிய கை

"மதினி, செத்த வாசப்பக்கம் போயி நில்லுங்க. பால் காய்ச்சுத நேரம்."

வள்ளிமயில் இதைச் சொன்னதும் புது வீட்டுச் சமையற்கட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கணவன் மணிராஜ், "ஏட்டி!" என்று பல்லைக் கடித்தான். அவனுடைய அக்கா பாண்டிச்செல்வி நிலைப்படிக்கு வெளியே போய் நின்றாள்.

காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த வள்ளிமயிலின் வயிறு குளிர்ந்தது. வீடு இவளுடையது, கூட்டமோ மதினியைச் சுற்றி! இடைசெவல் ஊரே வந்து அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டது. புருஷன் செத்ததும் அவனுடைய வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக் கல்யாண மண்டபங்களில் அலைந்தவள்தானே! கரிசக்காட்டில் பருத்தி எடுக்கும் பெண்களை வைத்துக் குறும்படம் எடுத்தாள், சென்னைக்குப் போனாள், எந்தக் கம்பெனியையும் அண்டாமல் தானே தயாரிப்பாளராகி ஒரு சினிமாவும் இரண்டு டிவி தொடர்களும் எடுத்துவிட்டாள். அவளிடம் இல்லாத ஒன்றே ஒன்று வள்ளிமயிலிடம் இருந்தது: உயிரோடு ஒரு புருஷன். அதை இன்றைக்குக் காட்டாமல் வேறு என்றைக்குக் காட்டுவது?

அடுப்பை யார் பற்றவைப்பது என்றும் அவள் முடிவு செய்திருந்தாள். பாண்டிச்செல்வியின் தொடரில் தினமும் தாலியைக் கண்ணில் ஒற்றி அழுகிற நடிகை கிருஷ்ணவேணி, அவளோடு காரில் வந்திருந்தாள்.

"நீங்க பத்த வைங்கம்மா. உங்களவிட மங்கலமான கை யாருக்கு இருக்கு?"

நடிகை தயங்கி வாசலைப் பார்த்தாள்.

"மதினிய ஏன் பாக்கீங்க? அவிய ஆக்‌ஷன் சொல்லுததுக்கு இது என்ன ஷூட்டிங்கா?"

"பத்த வைம்மா," என்றாள் பாண்டிச்செல்வி.

பால் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். எல்லாரும் ஆளுக்கொரு தம்ளர் குடித்தார்கள். வள்ளிமயில் பூரித்துப்போய் நடிகையிடம் குங்குமச் சிமிழை நீட்டினாள்.

"உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?"

"அவர் தவறி மூணு வருஷமாச்சுக்கா. ராசியில்லாதவள்னு புகுந்த வீட்ல விரட்டிட்டாங்க. பாண்டியக்காதான் கூப்பிட்டு வேஷம் குடுத்தாங்க. சீரியல்ல நான் போட்டிருக்க தாலி கம்பெனிப் பொருள். ஷூட்டிங் முடிஞ்சதும் கழட்டிக் குடுத்திருவேன்."

குலவை போட்ட பெண்கள் தங்கள் கையிலிருந்த தம்ளர்களைப் பார்த்தார்கள். எல்லாம் காலி. வள்ளிமயிலின் தம்ளரும் காலிதான். தான் கட்டிக் காத்த ஒற்றைப் பெருமையைத் தன் கையாலேயே அடுப்பில் வைத்துவிட்டது அவளுக்கு உறைத்தது.

பாண்டிச்செல்வி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"எனக்கும் ஒரு தம்ளர் ஊத்து, வள்ளி. பால் நல்லாத்தான பொங்கியிருக்கு?"