ஒன்பதாம் ரூமுக்கு ஐந்தாவது ஆள்

ஐந்தாவது ஆளையும் சர்வர் ஏற்றுக்கொண்டது. 'பதிவானது' என்று திரையில் வந்ததும் இசைவாணிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மூன்று நாளாகப் பிராங்க்ளினிடம் வாங்கிய பேச்சுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

திருத்தங்கலில் ஒரு அச்சகத்துக்கு மேல் மாடியில் அவர்கள் ஆபீஸ். விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு ஆள்கணக்குச் சாப்ட்வேர் செய்து கொடுத்திருந்தார்கள். எந்த டோக்கன் நம்பர் ஆள் எந்த ரூமுக்கு என்று பதிந்தால், கேட் மேசையில் இருக்கும் போர்மேன் போனுக்கு அது போய்விடும்; அதன்படி அவர் ஆளை அனுப்புவார். வெடிமருந்து செலுத்தும் ரூமில் நாலு பேருக்கு மேல் கூடாது. ஐந்தாவது ஆளைச் சர்வரே தள்ளிவிட வேண்டும். தள்ளுகிறதா என்று பார்க்க டீம் லீடர் பிராங்க்ளின் எழுதிய டெஸ்ட் தினமும் பாஸ் என்று பச்சை காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? அது நிஜச் சர்வர் பக்கம் போகவேயில்லை. 'இடமில்லை' என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஒரு டம்மியை அவனே எழுதிவைத்து, அதனிடமே கேட்டுக்கொண்டிருந்தான்.

அதைச் சொன்னதற்குத்தான் அத்தனை பேச்சும். "பட்டாசுக் கம்பெனிச் சோத்துல வளந்தவதான, ஒனக்குப் பாக்கறதெல்லாம் வெடிக்கிற மாதிரியே தெரியும்" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. இன்று காலை எரிச்சலில் பாஸ்வேர்டையும் வீசினான். "போ, நெசத்துலயே அடிச்சுப் பாரு. வெரட்டிவிடும்."

மருந்து செலுத்தும் ஒன்பதாம் ரூமில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். ஐந்தாவதாகப் பொய் நம்பர் போட்டால், பொய் என்பதற்காகவே தள்ளிவிடும், ஒன்றும் தெரியாது. அவளுக்கு மனப்பாடமாய்த் தெரிந்த நிஜ நம்பர் ஒன்றுதான். இருநூற்றுப் பன்னிரண்டு. அதே கம்பெனியில் சரம் பின்னும் ரூமில் வேலைபார்க்கும் அவள் அம்மா குருவம்மாளின் டோக்கன்.

ஜெயித்த முகத்தோடு திரும்பியவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. இது நிஜச் சர்வர். போர்மேன் போனுக்கு இந்நேரம் போயிருக்கும்.

"அழிச்சிருங்க சார். என் லாகின்ல அழிக்க முடியாது."

பிராங்க்ளின் திரையைப் பார்த்தான். முகம் கறுத்தது. "அழிச்சா அதுவும் பதிவுல நிக்கும். அஞ்சு பேர ஏத்துக்கிட்டது அந்த மொதலாளிக்குத் தெரிஞ்சா ஆர்டரே போச்சு. சாயங்காலம் வேல முடிஞ்சா அந்தக் கணக்கும் தானா முடிஞ்சிரும், விடு."

"எங்கம்மா சார் அது."

"ஒங்கம்மா நம்பர யாரு போடச் சொன்னா?"

இசைவாணி போனை எடுத்து போர்மேன் தங்கப்பாண்டியனைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இசைவாணி பேசுறேன். அம்மாவ ஒம்பதாம் ரூமுக்கு அனுப்பிறாதீக."

"அனுப்பி ரெண்டு நிமிசமாச்சு தாயி. போன்ல வந்துச்சுல்ல."

"தப்பா வந்தது. நாந்தான் போட்டேன். அங்கன அஞ்சு பேரு ஆயிருச்சு."

அவர் சிரித்தார். "அதெப்பிடி ஆகும்? அஞ்சாவது ஆள அது ஏத்துக்கிடவே செய்யாதுன்னு ஒங்க ஆளுதான வந்து வகுப்பெடுத்துட்டுப் போனாரு. முந்தி நடைக்கு நட நான் தலைய எண்ணுவேன். இப்ப எண்றதில்ல."

"எண்ணுங்க அண்ணாச்சி. ஒருக்க போயி எண்ணிப் பாருங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

"லைன்ல இரு."

போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. மேசையில் வைத்துவிட்டு நடந்தார். சரளைக் கல்லில் காலடிச் சத்தம் முதலில் நிதானமாகக் கேட்டது, பிறகு வேகமானது, பிறகு கேட்கவில்லை. காற்று மட்டும் போனில் உரசியது. எங்கோ ஒரு லோடு வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது.

"கட் பண்ணு" என்று பிராங்க்ளின் கையை நீட்டினான். இசைவாணி அந்தக் கையைத் தட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.