அளந்து வாங்கிய பேனா

விரலை நீட்டி நட்சத்திரம் காட்டுவதைப் போல வெட்டி வேலை வேறில்லை. "அதோ பாருங்க" என்றால் அறுபது பேர் அறுபது நட்சத்திரங்களைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். தபால் பிரிக்கும் வேலையில் இருந்த அண்ணன் ஒன்பது வருடமாக இப்படித்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாதத்தின் முதல் சனிக்கிழமை இருட்டத் தொடங்கியதும் விளையாட்டு மைதானத்தில் ஒரு தொலைநோக்கி, ஒரு மைக், யார் வேண்டுமானாலும் வந்து வானம் பார்க்கலாம். பாதிப் பேச்சிலேயே கூட்டம் கரைந்துவிடும். அதனால்தான், வானம் வரைக்கும் கோடு இழுக்கிற பச்சை லேசர் பேனா ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார்.

எந்தப் பேனா என்பதைத் தங்கைதான் சொல்ல வேண்டும். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். விற்கிறவன் சொன்னால் நம்ப மாட்டாள். பெட்டியில் அச்சடித்திருந்தால் அதையும் நம்ப மாட்டாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் தராசு. பிடிக்காததைத் திருப்பித் தருவதாகப் பேசி, மூன்று பேனாக்களைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். அவளும் லென்ஸ் தொழிற்சாலையிலிருந்து ஒளியை அளக்கும் கருவியை இரவல் வாங்கி வைத்திருந்தாள். ஐந்து மில்லிவாட்டுக்குள் இருந்தால், தவறிப்போய்க் கண்ணில் பட்டாலும் இமை சட்டென்று மூடிக் காப்பாற்றிவிடும். அதைத் தாண்டிவிட்டால் இமை மூடுவதற்குள் காரியம் கெட்டுவிடும். மூன்று பேனாவிலும் ஐந்து என்றுதான் ஒட்டியிருந்தது.

முதல் பேனா ஒரு மில்லிவாட்டைக்கூடத் தொடவில்லை. அதை வைத்துச் சுவரைத்தான் காட்டலாம். இரண்டாவது முப்பதுக்கு எகிறியது. மூன்றாவது பேட்டரி இல்லாமல் வந்திருந்தது. தங்கை கடை ஏசியின் ரிமோட்டைத் திறந்து அதிலிருந்த இரண்டு பேட்டரிகளை எடுத்துப் போட்டாள். நாலு தடவை அமுக்கினால் ஒரு தடவை கேட்கிற ரிமோட் அது. கருவி நாலு என்று காட்டியது. இதுதான் சரியான பேனா என்று எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கடையை விட்டு அவளால் நகர முடியவில்லை. மறுநாள் அண்ணன் போனில் அரை மணி நேரம் பேசினார். ஒருத்தர்கூட நடுவில் எழுந்து போகவில்லையாம். முடிந்த பிறகும் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டார்களாம்.

பன்னிரண்டு நாள் கழித்து அண்ணி கடைக்கு வந்தார். பத்தொன்பது வருடமாகப் பஸ் ஓட்டுகிறவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை கண் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தால்தான் வேலையில் தொடர முடியும். ஒவ்வொரு வருடமும் சிரித்துப் பேசிக்கொண்டே எழுதிக் கொடுப்பதுதான். இந்த முறை அண்ணி சிரிக்கவில்லை.

இடது கண் கடைசி வரிசை வரைக்கும் கடகடவென்று படித்தது. வலது கண்ணுக்கு வந்ததும் அண்ணி நின்றுவிட்டார். எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்து மட்டும் காணாமல் போகிறதாம். பக்கத்தில் உள்ளது தெரிகிறதாம். தங்கை சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, கருவி வழியே உள்ளே பார்த்தாள். விழித்திரையின் நட்டநடுவில், கடுகில் பாதி இருக்கும், வெளுத்த தழும்பு ஒன்று. சூடு பட்ட தழும்பு.

அவள் கேட்பதற்கு முன்பே அண்ணி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதை இன்னொரு தடவை அளந்து பாரு."

அந்தச் சனிக்கிழமை அண்ணன் பேச்சு சுவாரசியத்தில் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுக்காமலே கையை இறக்கியிருக்கிறார். தொலைநோக்கியின் பளபளப்பான வளையத்தில் பட்டுத் தெறித்த ஒளி, பக்கத்தில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த அண்ணியின் கண்ணில் பாய்ந்திருக்கிறது. கண் சிமிட்டும் நேரம்தான். நாலு பேர் வருகிற இடமாயிற்றே என்று அண்ணன் அன்றைக்குப் புது பேட்டரி போட்டிருந்தார்.

இரவல் வாங்கி இன்னும் திருப்பித் தராதிருந்த அளவுக் கருவி எண்பத்தாறு காட்டியது. தங்கை நம்பாமல் மூன்று தடவை அளந்தாள். பிறகு ரிமோட் பேட்டரியைப் போட்டு அளந்தாள். மூன்று. செத்துக்கொண்டிருந்த பேட்டரியை வைத்து அளந்துவிட்டு, வந்த எண்ணை வேதவாக்காகச் சொல்லியிருக்கிறாள். ஊரில் யாரையும் நம்பாதவள் தன் கையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறாள்.

"அன்னிக்கே ஏன் அண்ணி சொல்லல?"

"சொன்னா பேனாவைத் தூக்கி எறிஞ்சிருப்பாரு. ஒன்பது வருஷத்துல அன்னிக்குத்தான் ஜனங்க அவர் பேச்சைக் கேட்டாங்க."

இன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்றாள் தங்கை. ஆனால் பார்வையில் விழுந்த அந்த ஓட்டை அடைபடுவது சந்தேகம்தான் என்பதையும் மறைக்கவில்லை. அண்ணி பொய்ச் சான்றிதழ் கேட்கவில்லை. பஸ்ஸில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். 'ஓட்டத் தகுதியில்லை' என்று தங்கை எழுதும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார். "அவர்கிட்ட காரணத்தைச் சொல்லிடாத. சர்க்கரையால வந்ததுன்னு சொல்லிடு. பேனாவை நீயே வச்சுக்க."

தங்கை தலையாட்டினாள். அந்தப் பொய் தன்னையும் காப்பாற்றுகிறது என்பது, அண்ணி படியிறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் வெட்கத்தில் கூசிப்போனாள்.

கடை மூடும் நேரத்துக்கு அண்ணன் வந்தார். அண்ணி எடுத்து வந்திருந்த பேனாவை வாங்கிப் போக வந்தவர் ஏக உற்சாகத்தில் இருந்தார். இரண்டு பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டிருக்கிறார்களாம். பேனா ரிப்பேர் என்று தங்கை சொன்னதும், இதே மாதிரி இன்னொன்று வாங்கிவிடலாம், நீ அளந்ததுதானே என்றார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ரிமோட் பேட்டரியிலிருந்து எண்பத்தாறு வரைக்கும் சொல்லிவிட்டாள்.

"யாருக்காவது பட்டுச்சா?" என்றார் அண்ணன்.

"அண்ணிக்கு. வலது கண்ணு. இனிமே பஸ் ஓட்ட முடியாதுண்ணா. நான் அளந்ததுதான் தப்பு."

அவர் பரிசோதனை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். தங்கையைத் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அன்னிக்கு கண்ணைக் கசக்கிக்கிட்டே நின்னா," என்றார் அண்ணன். "நட்சத்திரம் வர்றதுக்குள்ள என் வீட்டம்மாவுக்குத் தூக்கம் வந்துடுச்சுன்னு மைக்ல சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா."