நீலக் கேட், மூன்றாவது மாடி

அலுவலகத்தில் அவனுக்கு ‘வாத்தியார்’ என்று பெயர். பாடம் எதுவும் நடத்துவதில்லை. மார்க் போடுவதுதான் வேலை. ஒரு மென்பொருள் கருவியின் கையேட்டை மட்டும், சொன்ன வேலையைத் தானே செய்து பார்க்கும் ஏஐ ஏஜெண்டிடம் கொடுத்து இருபது வேலை சொல்வான். கையேட்டை நம்பி அது எத்தனையைச் சரியாக முடிக்கிறது என்று பார்த்து, நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதுவான்.

அந்த வாரம் வந்தது, பெரிய இணைய விளையாட்டு ஒன்றின் தகவல்களைத் தேடித் தரும் கருவி. எந்த அரக்கனைக் கொன்றால் எந்த வாள் கிடைக்கும், எந்தக் கவசம் எந்தக் குகையில் இருக்கிறது என்று லட்சக்கணக்கான விவரங்கள். அக்கா வீட்டுக்காரர் வேலை பார்க்கும் நிறுவனம்தான் அதைச் செய்திருந்தது. அத்தான் அங்கே கையேடு எழுதுபவர். சந்தேகம் வந்தால் எல்லோரும் அவரிடம்தான் ஓடுவார்கள் என்பதால் ‘அகராதி’ என்று பெயர். “பாராட்டுறாங்களா, அகராதி புடிச்சவன்னு திட்டுறாங்களான்னே தெரியல மச்சான்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் அங்கே எழுதுவதற்கு ஏழு பேர் உண்டு. இது அத்தான் கைவேலையாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

இருபதில் பதினொன்று தவறு. இருக்கிற வாளை இல்லை என்று அடித்துச் சொன்னது ஏஜெண்ட். அவன் கையேட்டை வரிவரியாகப் படித்தான். முதல் நாற்பது பக்கம் பளிங்கு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் குளறுபடி. ஒரு தேடலுக்கு ஐம்பது முடிவுகளுக்கு மேல் வராது என்று ஓரிடத்தில். ஐம்பதுக்குக் குறையாது என்று அடுத்த பக்கத்தில். ஒரே பத்தி மூன்று முறை. ஒரு பிழைச் செய்தியின் விளக்கம் பாதியில் நின்றிருந்தது. மனிதர்கள் படித்தால், கை தவறியிருக்கும் என்று தாங்களே திருத்திக்கொண்டு போயிருப்பார்கள். ஏஜெண்டுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

எண்பத்து மூன்றாம் பக்கத்தில், வாள் தேடுவதற்கான உதாரணத்தில், வாளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது: ‘ஆறாவது நிறுத்தம். நீலக் கேட். மூன்றாவது மாடி. இடது பக்கம்.’ ஏஜெண்ட் அதையும் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று பணிவாகத் தெரிவித்திருந்தது.

அது அக்கா வீட்டுக்குப் போகும் வழி. அந்த வீட்டுக்கு அவன் இருபது வருஷமாகப் போய் வருகிறான். கையேட்டில் யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் திருத்தங்களின் பட்டியலைத் திறந்தான். கடைசி எட்டு மாதமும் அத்தான் பெயர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனான். “வா மச்சான்” என்று அத்தான் வாய் நிறையச் சிரித்தார். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் “எப்ப வந்தே?” என்றார். அவன் சமையலறைக்குள் போனான். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அத்தானுக்கு மறதி எத்தனை நாளா?”

கத்தி நின்றது. “யார் சொன்னா?”

அவன் அந்தப் பக்கத்தின் பிரதியை நீட்டினான். படித்துவிட்டு மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அவர் எழுதுறதை நான் ஒரு தடவை பார்த்துட்டுத்தான்டா அனுப்ப விடுவேன். வாளு, குகைன்னு இருந்தா எனக்கு என்ன புரியும்? எழுத்துப் பிழை இல்லன்னா சரின்னு விட்டுடுவேன். இதுவும் ஏதோ விளையாட்டுல வர்ற வீடுன்னு நெனச்சுட்டேன் போல.”

“டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

“காட்டினா ஒரு பேர் வைப்பாங்க. அப்புறம் ஆபீஸ்ல உட்கார விடுவாங்களா? ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம். ஓட்டிட்டா மரியாதையா மாலை போட்டு அனுப்புவாங்க. நீ மார்க்கைக் கொஞ்சம் பார்த்துப் போடேன்டா.”

“போடலாம்க்கா. நாளைக்கு வழி தெரியாம எங்கயாவது போயிட்டா?”

“போன மாசமே போயிட்டார்” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “பஸ் டிப்போவுல இருந்து கூட்டிட்டு வந்தேன்.”

திங்கட்கிழமை, எழுதியவர் தன் உறவுக்காரர் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டான். கோப்பு பக்கத்து மேஜைப் பெண்ணிடம் போனது. அவளுக்கும் அதே பதினொன்றுதான் தவறியது. “வாத்தியாரே, இதுல யாரோ வீட்டுக்குப் போற வழி இருக்கு, பார்த்தீங்களா?” என்று கேட்டாள். பார்த்தேன் என்றான். அவள் நாற்பத்தைந்து போட்டாள். அந்தப் பக்கத்தையும் அறிக்கையில் சேர்த்தாள். அவளைத் தடுக்க அவனிடம் நியாயம் எதுவும் இல்லை.

அந்த நிறுவனத்தின் கூட்டத்தில் அறிக்கையைச் சத்தமாகப் படித்தார்களாம். நீலக் கேட் வந்ததும் சிரிப்பு எழுந்ததாம். அத்தானும் கூடவே சிரித்தாராம். பத்து நாளில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலை எதுவும் இல்லை.

டாக்டர் பேர் வைத்தார். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் மருந்து கொஞ்சம் தாங்கிப் பிடித்திருக்கும் என்றார். அக்கா கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து, “உன் வாயை மூடிட்டு இருந்திருந்தா அவர் இன்னும் ஆபீஸ் போயிட்டு இருப்பார்” என்றாள். அதோடு அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை தோறும் அவன் போகிறான். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அத்தானை ஜன்னல் ஓரம் உட்கார வைத்துச் சவரம் செய்துவிடுவான். சில வாரம் மச்சான் என்பார், சில வாரம் “சார், நீங்க புதுசா?” என்பார். அவன் நுரையைத் தடவிக்கொண்டே ஆமாம் என்பான்.

நான்கு மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை, துண்டை எடுக்க வந்த அக்கா நின்று, அத்தானின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“காதுக்குக் கீழ விட்டுட்டே பாரு” என்றாள்.

அவன் கத்தியைக் கழுவி, மறுபடியும் நுரை போட்டான்.