நாலு பேரும் மூன்று பல்லும்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், ஆயுதம் தாங்கிய நான்கு கொள்ளையரைத் தனி ஆளாக எதிர்த்து, மூன்று முன்பற்களை மட்டும் இழந்து, தமது டிரம்பெட்டைக் காப்பாற்றிய மாவீரர், குற்றத்தில் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டு அலுவலகத்தில் ஏழாம் நம்பர் டோக்கனுடன் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் மனைவி. கையில் கைக்குட்டை. பல் போனதிலிருந்து அவர் பேசினால் எச்சில் தெறித்தது. எதிரே இருப்பவர் முகம் சுளிப்பதற்குள் அவள் நீட்டிவிடுவாள்.

முன்பல் இல்லாமல் டிரம்பெட் ஊத முடியாது. வெறும் காற்றுதான் வரும். முப்பது வருஷம் பேண்டின் முன்வரிசையில் நின்றவர் கையில் பேண்டு மாஸ்டர் ஜால்ராவைக் கொடுத்துக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். வருஷம் முடிவதற்குள் பல் கட்டாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். கட்டுகிற செலவு அவர் சம்பளத்தில் நடக்கிற காரியமில்லை. அரசாங்கம் கொடுக்கும், மனுப் போடுங்கள் என்று பல் டாக்டர்தான் சொன்னார்.

மனுவை அவரே எழுதினார், யாருக்கும் காட்டாமல். கூடுதல் தாள் ஆறு.

அந்த வீரக்கதைக்கு முதல் ரசிகர் பக்கத்து வீட்டுக்காரர். வருகிற விருந்தாளியையெல்லாம் கூட்டிவந்து, "கத்தி எவ்வளவு நீளம்னு சொல்லுங்க சார்" என்று எடுத்துக்கொடுப்பார். மனைவியும் டீயை வைத்துவிட்டு, "ஆமாங்க, நாலு பேரு" என்பாள்.

டோக்கன் ஏழு அழைக்கப்பட்டது. அதிகாரி அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"சார், மனுவில நாலு பேர், நாலு கத்தி. போலீஸ் அனுப்பின புகாரில ஒருத்தன்தான் இருக்கான். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா தள்ளுபடி பண்ணிடுவாங்க."

"மிச்ச மூணு பேரு மறைஞ்சு நின்னிருப்பாங்க மேடம்."

"பாத்தீங்களா?"

"அதான் மறைஞ்சு நின்னாங்களே."

கைக்குட்டை நீண்டது. அதிகாரி அதை நீட்டியவள் பக்கம் திரும்பினார். "நீங்கதானேம்மா புகார் கொடுத்தது? மாடி ஜன்னல்லேருந்து எல்லாம் பாத்ததாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எத்தனை பேரு?"

அவர் மனைவியைப் பார்த்தார். பல் உடைந்த சாயங்காலம் வாயில் துணியை அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்கு, புகார் யார் கொடுத்தது, என்ன சொல்லிக் கொடுத்தது என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

அவள் கைக்குட்டையை நான்காக மடித்தாள். "அவரு என்ன சொல்றாரோ அதுதான் மேடம்."

அவர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஒருத்தன் மேடம்" என்றார் மாவீரர்.

"ஆயுதம்?"

"குடை."

"அவனோடதா?"

"என்னோடது. பிடுங்கி, அதாலயே அடிச்சான்."

"ஆள் எப்படி?"

"ஒல்லி. என் தோள் உயரம்."

"தோளுக்குக் கொஞ்சம் மேல இருப்பான் மேடம்" என்றாள் மனைவி அவசரமாக.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். ஆறு தாளும் கிழிக்கப்பட்டு, நாலே வரியில் புது வாக்குமூலம் தயாரானது.

படியிறங்கும்போது அவர் நின்றார். "அன்னிக்கே பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் நாலுன்னு சொன்ன?"

"வாயெல்லாம் ரத்தமா வாசல்ல வந்து நின்னீங்க. எனக்கு நாலு பேரு அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

அவருக்குக் கண் கலங்கியது. கைக்குட்டை தயாராக இருந்தது.

"இனிமே ஒருத்தன்னே சொல்லிடறேன்."

"எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரரு மனசு உடைஞ்சு போயிடுவாரு. ரெண்டுன்னு வச்சுக்குங்க."

ஐந்தாவது வாரம் பணம் வந்தது. பல் வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மாடி ஜன்னலில் நின்று, டிரம்பெட்டை உதட்டில் பொருத்தி, மூச்சை இழுத்து ஊதினார். முழுதாக, உடையாமல், தெருக்கோடி வரை போயிற்று ஸ்வரம். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார்.