முந்நூற்று நாற்பது பேர்

ஷாமியானாவின் கடைசிக் கயிற்றைச் சபாபதியே இழுத்து வேப்பமரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். பெற்றவன் இந்த வேலையெல்லாம் செய்யக்கூடாது என்று பங்காளிகள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை. அப்போதுதான் கம்பெனி பஸ் ஊருக்குள் நுழைந்தது.

அந்த நீல பஸ் ஒருநாளும் ஊருக்குள் வந்ததில்லை. ஒரகடம் போகும் சாலையில், கூட்டுரோட்டிலேயே நின்றுவிடும். அவர் மகள் வேல்விழி ஆறு வருடமாக விடியுமுன்னே அதுவரை நடந்துபோய்த்தான் ஏறினாள். இன்று அது தாழ்வாகத் தொங்கிய மின்கம்பிகளுக்குப் பயந்து பயந்து ஊர்ந்துவந்து, பந்தலுக்கு எதிரே நின்றது.

“மேனேஜருங்க வராங்க போல,” என்றார் ஒருவர்.

மேனேஜர்கள் யாரும் வரவில்லை. காலை ஷிப்ட் முடித்த பெண்கள், சீருடையைக்கூட மாற்றாமல் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நாற்பது, நாற்பத்தைந்து பேர் இருக்கும். கடைசியாக டிரைவர் மாரி ஒரு ரோஜா மாலையோடு இறங்கி, செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வேல்விழி மஞ்சள் பூசிய முகத்தோடு படுத்திருந்தாள். இருபத்தாறு வயது. ஐந்து நாள் காய்ச்சல். முதல் இரண்டு நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. இன்று காலை ஆம்புலன்ஸ். அவள் அம்மா காஞ்சனா அழுது ஓய்ந்து, பெட்டியின்மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். சபாபதியின் அக்கா முனியம்மாள் ஒப்பாரியை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

வந்த பெண்கள் வரிசையாகப் பெட்டியைச் சுற்றினார்கள். யாரும் அலறவில்லை. ஒவ்வொருத்தியும் தன் பையிலிருந்து, பேனாவில் படம் வரைந்த ஓர் அட்டைச் சீட்டை எடுத்தாள். கண்ணாடிக்கு மேலே, வேல்விழியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

சபாபதி கயிற்றை முடிச்சிடாமல் எட்டிப் பார்த்தார். அந்தச் சீட்டுகளை அவருக்குத் தெரியும்.

சபாபதி இன்னொரு கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி. பன்னிரண்டு மணி நேர டியூட்டி. அப்பாவும் மகளும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் நாள்கணக்கில் முகம் பார்க்காமல் போவதுண்டு. போன மார்கழியில் ஒருநாள் சீக்கிரம் வந்தபோது, தரையெல்லாம் சீட்டுகளைப் பரப்பிவைத்து அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். “பொம்பளப் புள்ள சீட்டாடுறியா?” என்று வாரி எடுத்துப்போய் வெந்நீர் அடுப்பில் போட்டார். அவை எரிந்து முடியும்வரை அவள் அடுப்பருகில் நின்றிருந்தாள். பிறகு அவருக்கே வெந்நீர் விளாவிக் கொடுத்தாள்.

“மதகுக்காரி எங்கிட்ட இருக்கா, வேலு,” என்று பெட்டிக்குள் பார்த்துச் சொன்னாள் ஒருத்தி. தெற்கத்திப் பேச்சு. “ஏழாவது ஏரி ஒடைஞ்ச அன்னைக்குத் தன் தலைமுடிய அறுத்து மதகை அடைச்சவ. எட்டு மாசமா எங்கூடத்தான் இருக்கா. நல்லா இருக்கா.”

அடுத்தவள் குனிந்தாள். “கொக்குத்தச்சன். ஒத்தக் கண்ணன். ரெக்க ஒடிஞ்ச பறவைங்களுக்கு மரத்துல ரெக்க செஞ்சு குடுக்கறவன். இப்ப அவனுக்கே பறக்கணும்னு ஆச வந்துடுச்சு.”

“நெழல் விக்கிறவ. வெயில்ல வேல செய்றவங்களுக்கு மட்டும் சும்மா குடுப்பா.”

முனியம்மாளின் ஒப்பாரி பாதியில் நின்றது. மூக்கைச் சிந்திப்போட்டுவிட்டு, “யாரும்மா இவங்கல்லாம்? எந்த ஊரு ஜனம்?” என்றாள்.

“எல்லாம் விழி மனசுல உண்டாக்குன ஏழு ஏரி நாட்டு ஆளுங்க, பெரிம்மா,” என்றாள் கண்ணாடி போட்ட ஒரு பெண். கம்பெனி லைனில் வேல்விழிக்குப் பக்கத்து நாற்காலிக்காரி, குன்றத்தூர் யுவஸ்ரீ. “உள்ள போன் எடுத்துகினு போவக் கூடாது. பஸ்ஸுல ஒன்னேகால் மணி நேரம். ஸ்ரீபெரும்புதூர் கடையில சண்ட போடற சீட்டு பாக்கெட் ஒண்ணு வாங்கினாந்தோம். விழி பாத்துட்டு, ‘நம்பர்தான் கீது, இந்த ஆளுங்களுக்குக் கதையே இல்லியே’ன்னா. மறுநாளு பார்சல்ல வர அட்டய வெட்டி, பேனாவுல வரஞ்சு, பதினாலு பேர எடுத்துகினு வந்தா.”

“விளையாடறதா?” என்றாள் முனியம்மாள்.

“விளையாடுவோம். ஏழு ஏரிக்கும் சண்ட நடக்கும். ஆனா ஒரு சீட்டு கை மாறணும்னா, வெச்சிருந்தவ அந்த ஆளுக்கு நடுவுல இன்னா ஆச்சுன்னு கத சொல்லிட்டுத்தான் குடுக்கணும். வாங்கறவ அதுலேந்து சேத்துகினு போவணும். இன்னிக்கு முந்நூத்தி நாப்பது பேரு. தண்டலம் ஹாஸ்டல்ல கீறாங்க, ரெண்டாவது ஷிப்ட் பஸ்ஸுல கீறாங்க. வேலைய வுட்டுட்டு ஊருக்குப் போனவங்களோடகூடப் போயிருக்காங்க.”

சபாபதி கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். முந்நூற்று நாற்பது. இந்த ஊரில் ஓட்டுப் போடுகிறவர்களே அவ்வளவு பேர் கிடையாது. சாப்பிட்டியா என்றால் ‘ம்’ என்பவள், தூங்கலியா என்றால் ‘தோ’ என்பவள், அத்தனை பேரையும் எங்கே வைத்திருந்தாள்?

முனியம்மாள் மார்பில் ஓர் அடி அடித்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். இந்த முறை பாட்டே மாறிவிட்டது.

“மதகடைச்ச மகராசி வாசலுக்கு வந்தாளே,
ரெக்க செஞ்ச தச்சனுந்தான் வழிகேட்டு வந்தானே,
நெழலு விக்கும் நேர்த்திக்காரி நெழலின்றி நிக்கிறாளே,
ஏழு ஏரி ஜனம் வந்தும் எழுந்திரிக்க மாட்டாயோ...”

அதுவரை அழாமலிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உடைந்தார்கள். மாரி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். காஞ்சனா தலையைத் தூக்கி, ஒவ்வொரு சீட்டாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

பாடை தயாரானபோது யுவஸ்ரீ சபாபதியிடம் வந்தாள்.

“அப்பா, ஒண்ணு கேக்கணும். எல்லாச் சீட்டையும் அவகூட வெச்சிடலாம்னு பாதிப் பேரு சொல்றாங்க. வேணாம்னு பாதிப் பேரு. நீங்கதான் சொல்லணும்.”

“நான் எப்டிம்மா சொல்றது? நான் ஒரு தபா நெருப்புல போட்டவன்.”

“தெரியும்ப்பா.”

“சொன்னாளா?”

“முப்பத்திரண்டு பேரு எரிஞ்சு போய்ட்டாங்கன்னு மறுநாளு வந்து சொன்னா. பஸ்ஸே அழுதுச்சு.”

“யாரு எரிச்சதுன்னு...”

யுவஸ்ரீ கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். “ஏழாவது ஏரிக்குக் காவல் இருக்கற பெரியவருன்னு சொன்னா. மார்கழிப் பனி. அவரு ராப்பகலா நிக்கறவரு. அட்டைன்னு நெனச்சுக் குளிருக்கு மூட்டிட்டாரு. உள்ள உசுரு கீதுன்னு அவருக்கு யாருமே சொல்லல, அது நம்ம தப்புன்னா. அவருமேல யாரும் சண்டைக்குப் போவக் கூடாதுன்னு ரூலே போட்டா. எந்தச் சீட்டும் அவர அடிக்க முடியாது.”

பறை ஒருமுறை அதிர்ந்து ஓய்ந்தது.

“மண்ணுல போடாதீங்கம்மா,” என்றார் சபாபதி. “அவ ஒருத்தி போறா, போதும்.”

கல்யாணமாகாத பெண் என்பதால் புதைப்பதுதான் ஊர் வழக்கம். ஏரிக்கு மேல்புறம் குழி வெட்டியிருந்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். சபாபதி மூன்று பிடி மண் போட்டார். மூன்றாவது பிடி கையைவிட்டு இறங்க நேரமானது. பங்காளி ஒருவர் அவர் விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

ஏரியில் முழுகி எழுந்து ஈர வேட்டியோடு கரையேறினால், பஸ் இன்னும் போகவில்லை; ஏரிக்கரையோரம் வந்து நின்றிருந்தது. மாரி டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் ஏரிக்கரை நெடுகப் புல்லில் அமர்ந்திருந்தார்கள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. தெற்கத்திப் பெண் மதகுக்காரியை மடியில் வைத்துக்கொண்டு, குரல் இன்னும் சரியாகாமல், கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வாங்கப்போகிறவள் எதிரே கை நீட்டிக் காத்திருந்தாள். மற்றவர்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

சபாபதி தள்ளி நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. யுவஸ்ரீதான் முதலில் கவனித்தாள். நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார்.

கதை சொன்ன பெண் தயங்கினாள். “அப்பா, மொதல்ல இருந்து சொல்லட்டுமா?”

“வேணாம்மா,” என்றார். “வுட்ட எடத்துலேந்தே சொல்லு.”

அவள் சொல்லத் தொடங்கினாள். ஏரிமேல் காற்று கிளம்பி, தண்ணீர் அக்கரை நோக்கி வரிவரியாக நகர்ந்துகொண்டிருந்தது.