ஒரு மணி பத்து நிமிஷம்

வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு ரேணுகா ஒன்பதாவது தடவையாக அண்ணனின் எண்ணை அழுத்தினாள். மணி பத்து ஐம்பத்தைந்து. வாசலில் பந்தல்காரர்கள் கடைசிக் கழியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஐஸ் பெட்டிக்குள் அப்பா உத்தமன் புது வேட்டியோடு படுத்திருந்தார். நேற்று விடிகாலை பல் துலக்கப் போனவர், வாளியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

அண்ணன் தேவா ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தான். மும்பையில் இறங்கி, வேறு விமானம் மாறி, சென்னை வந்து, அங்கிருந்து பட்டாபிராம் வந்து சேர மதியம் இரண்டரை ஆகும். நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. மும்பையிலிருந்து இரண்டாவது விமானம் பத்து ஐம்பதுக்கே கிளம்பியிருக்க வேண்டும். அதில் அவன் ஏறியிருந்தால் போன் அணைந்திருக்கும். இதுவோ மணி அடித்துக்கொண்டே இருந்தது.

டிக்கெட் போட்டவள் அவள்தான். “நீயே பாத்துப் போடு ரேணு, எனக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியல” என்று தேவா போனில் அழுதிருந்தான். இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மும்பையில் ஆறரை மணி நேரம் உட்காரவைத்து, ராத்திரி எட்டு மணிக்கு வீடு கொண்டுவந்து சேர்க்கும். இன்னொன்று, தனித்தனியாக இரண்டு டிக்கெட். நடுவில் ஒரு மணி பத்து நிமிஷம். இடைவெளி குறைவு என்று அதன் கீழே சிவப்பு எழுத்தில் போட்டும் இருந்தார்கள். ரேணுகா அதைப் பார்க்காமல் இல்லை. ஆனால் அவள் தினமும் சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டியை ஏழே நிமிஷத்தில் பிடிக்கிறவள். ஒரு மணி பத்து நிமிஷம் கிடைத்தால் இட்லி சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு ஏறலாமே என்று நினைத்துவிட்டாள். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாதவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

இந்த விஷயத்தில் யோசனை கேட்கத் தகுந்த ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார். எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும் ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்பே குடும்பத்தை பிளாட்பாரத்தில் உட்காரவைத்துவிடுவார் உத்தமன். “உங்கப்பா போய் என்ஜின் டிரைவரையே எழுப்பிக் கூட்டினு வருவாரு” என்று அம்மா சுசீலா கேலி செய்வாள். ரேணுகாவும் சேர்ந்து சிரிப்பாள்.

பதினொன்று பத்துக்கு தேவாவே கூப்பிட்டான்.

“போயிடுச்சு ரேணு.”

“இன்னாண்ணா போயிடுச்சு?” கேட்டாளே தவிர, அவளுக்குத் தெரியும்.

“ஃப்ளைட்டுதான். இமிக்ரேஷன் வரிசைலயே முக்கால் மணி நேரம். அப்புறம் பெட்டி வரணும், அத எடுத்துக்கினு வேற டெர்மினலுக்குப் போவணும், மறுபடியும் செக்கிங்... ஓடினேன் ரேணு, மூச்சு முட்ட ஓடினேன். கவுன்டர மூடிட்டாங்க. ரெண்டும் வேற வேற டிக்கெட்டு, எங்களுக்கு சம்பந்தமில்லன்றாங்க.”

“அடுத்தது?”

“அதுல சீட்டு இல்ல. ஏழு மணிக்குத்தான் கெடச்சுது.”

சீட்டு இல்லாத அந்த அடுத்ததுதான் அவள் வேண்டாமென்று ஒதுக்கிய விமானம்.

“அப்பாவ எடுத்துட மாட்டீங்கல்ல?” என்றான் தேவா. நாற்பது வயது மனிதனின் குரலாக அது இல்லை.

“இல்லண்ணா. நீ வா.”

எந்த தைரியத்தில் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. முன்பக்கம் வந்தபோது சித்தப்பா எதிரே நின்றார். அப்பாவின் தம்பி ஹேமநாதன், மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகியதால், அவர் ரகசியம் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும்.

“இன்னாம்மா, ஏறிட்டானா?”

“வுட்டுட்டாரு சித்தப்பா. ராத்திரிதான் வருவாரு. நாளைக்குக் காலைல எடுக்கலாம்.”

“நாளைக்கு இன்னா நாளு தெரியுமா உனுக்கு? சனிக்கெழம!”

சனிக்கிழமை எடுத்தால், போகிறவர் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்று அந்தக் குடும்பத்தில் எல்லோரும் நம்பினார்கள். அதற்குப் பரிகாரமாகப் பாடையில் உயிரோடு ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவது வழக்கம்.

“கோழி கட்டினா சரியாப்பூடும்னு நெனைக்காத,” என்றார் ஹேமநாதன். “எங்க அத்தைய அப்படித்தான் எடுத்தோம். பதினாறு முடியறதுக்குள்ள எங்க மாமாவும் பூட்டாரு. தேவா வரலன்னா இன்னா, நான் இல்ல? எங்கண்ணனுக்கு நான் கொள்ளி வைக்கக் கூடாதா?”

சொல்லிவிட்டு அவர் சுசீலாவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். போன மாதம்தான் சுசீலாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது.

அண்ணன் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அம்மாவைப் பணயம் வைக்க வேண்டும். இதையெல்லாம் ரேணுகா நம்புகிறவள் இல்லை. ஆனால் அப்பா பல் துலக்கப் போய்த் திரும்பி வராமல் போவார் என்றும்தான் அவள் நம்பியிருக்கவில்லை.

“என் தப்புதான் சித்தப்பா,” என்றாள். “ஆறரை மணி நேரம் கேப் வுட்ட டிக்கெட்டு ஒண்ணு இருந்துச்சு. அதப் போட்டா பொழுது சாஞ்சுடும், எடுக்கறது சனிக்கெழம ஆயிடும். உங்க கிட்ட சொல்ல பயந்துகினு இதப் போட்டுட்டேன். எப்படியாச்சும் வந்துடுவாருன்னு நெனச்சேன்.”

“படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது?” என்று ஹேமநாதன் எகிறினார்.

அப்போது சுசீலா பேசினாள். நேற்றிலிருந்து பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தவள், கையை எடுக்காமலே சொன்னாள்.

“நாளைக்கே எடுங்க.”

“அண்ணி, நீங்க கம்முனு இருங்க. உங்களுக்குத் தெரியாது.”

“தெரியும். கூட யாரையாச்சும் கூட்டினு போவாருன்னா என்னத்தான் கூட்டினு போவாரு. அவருக்கு வேற யார் கூட போயிப் பழக்கம்? புள்ள வந்து மொகத்தப் பாக்கட்டும்.”

ஹேமநாதன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மயானத்தில் நேரத்தை மாற்றச் சொல்லப் போனார். வாசல் வரை போய்த் திரும்பி, “கோழிக்குஞ்சு நானே வாங்கினு வர்றேன்” என்றார். அன்றைக்கு அவர் மெதுவாகப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எடுத்தார்கள். தேவா முந்தின ராத்திரியே வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் பெட்டியோரம் உட்கார்ந்தவன், குளிப்பாட்டக் கூப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை. டிக்கெட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கையின் தலையில் கையை வைத்து அழுத்திவிட்டு, தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பாடையின் கால்மாட்டில் கட்டியிருந்த குஞ்சு, மேளச் சத்தத்தையும் மீறிக் கத்தியது. பாடையை ஏற்றிய வண்டி தெரு திரும்பி மறைந்த பிறகும் ரேணுகாவின் காதில் அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த சுசீலா, உள்ளறையில் பாயை விரித்துப் படுத்தவள், படுத்ததும் தூங்கிப்போனாள். இரண்டு நாளாகக் கண் மூடாதவள். பக்கத்து வீட்டு ராஜகுமாரி காபி கொண்டுவந்தாள்.

“உங்கம்மாவ எழுப்பும்மா, சூடா ஒரு வாய் குடிக்கட்டும்.”

“வேணாங்கா. தூங்கட்டும்.”

டம்ளரை வாங்கிக்கொண்டு ரேணுகா பாயருகே உட்கார்ந்தாள். அம்மாவின் புடவை நெஞ்சில் மெல்ல ஏறி இறங்கியது. அடுத்த மூச்சு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வந்தது. காபி ஆறி ஆடை படிந்ததைக் கவனிக்காமல், அவள் அதற்கடுத்த மூச்சுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.