பாதியில் நிறுத்தாத வால்வு

வயர்மேனின் மனைவி பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. ஏன் போனாள் என்று தெருவில் நாலைந்து கதை உலவுகிறது. உண்மை அவற்றைவிடச் சப்பை. "நான் இருந்தாலும் போனாலும் இந்த மனுஷனுக்கு ஒண்ணுதான்" என்றாளாம், அவ்வளவுதான். இன்று மாலை ஐந்து மணி பஸ்ஸில் வேறு ஊர் வேலைக்குக் கிளம்புகிறாள். புருஷன் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவாள். அவளுடைய தம்பி, வயர்மேன் வேலை பார்க்கும் அதே சலவை ஆலையில் ஃபிட்டர். காலையிலிருந்து இதையே ஓதிக்கொண்டிருந்தான்.

பாய்லர் அறையில் நீராவியை அடைத்துவிட்டு, குழாயில் இருந்த வால்வின் தலையில், அதைத் திறந்து மூடும் புது மோட்டாரை இருவரும் தூக்கி உட்காரவைத்தார்கள்.

"மாமா, போன் போடட்டுமா?"

"ஸ்பேனரைக் குடு."

"அக்காகிட்ட பேச எந்த சைஸ் வேணும்? பதினேழா, பத்தொன்பதா?"

வயர்மேனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ போல எல்லாம் எங்கோ கேட்டது. கை மட்டும் பழக்கத்தில் ஓடியது. வயரின் தோலை உரித்தார். மூன்று ஃபேஸ் வயரையும் முனைகளில் முறுக்கினார். எர்த்தை மாட்டி மூடியைப் போட்டார். சுவிட்சை ஏற்றி, திறக்கும் பொத்தானை அழுத்தினார்.

மோட்டார் உறுமியது. வால்வு திறக்கவில்லை. ஏற்கெனவே மூடியிருந்ததை இன்னும் இறுக்கிக்கொண்டே போனது. வயர்மேன் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல், யாரோ ஒருவருடைய மோட்டாரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபிட்டர் பாய்ந்து சுவிட்சை இறக்கினான்.

இரண்டு வயர் இடம் மாறியிருந்தது. அது யாருக்கும் நடக்கும். அதற்காகத்தானே முதல் தடவை கரெண்ட் கொடுக்குமுன் கையால் சுற்றி வால்வைப் பாதியில் நிறுத்துகிறார்கள்? மோட்டார் தப்பான பக்கம் ஓடினாலும் அணைக்க அவகாசம் இருக்கும். இந்தப் பாடத்தைச் சோற்றுத் தட்டின் முன்னால்கூட நடத்தி, வீட்டுக்காரியின் காதைப் புளிக்கவைத்தவர் இவர்.

ஃபிட்டர் வாசலுக்குப் போய் போனை எடுத்தான்.

"அக்கா, உன் வீட்டுக்காரர் வால்வைப் பாதியில நிறுத்தாம கரெண்ட் குடுத்துட்டாரு."

"யாரு, அவரா?"

"அவரேதான். மோட்டார் கத்துது, விரலைக்கூட எடுக்கல. நான் இல்லைன்னா உடைஞ்சிருக்கும்."

"அடப்பாவி மனுஷா... அடி கிடி படலையே?"

"இல்ல. மரம் மாதிரி நிக்கறாரு."

"அப்போ நான் போனது உறைச்சிருக்கு. சரி, நான் பஸ் ஏறல. அவரைத் தனியா விடாத, நான் அங்க வரேன்."

ஃபிட்டர் உள்ளே வந்து சொன்னான். வயர்மேன் தலையாட்டினார். இரண்டு வயரையும் மாற்றிப் போட்டார். கைச்சக்கரத்தைச் சுற்றி வால்வைப் பாதிக்குக் கொண்டுவந்து, பொத்தானை அழுத்தினார். வால்வு ஒழுங்காகத் திறந்தது.

"மாமா, அக்கா வருதுன்னு சொன்னேன். காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு" என்றார். அவருக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.